7. மெத்தைப் பலகைமேல் பார்க்கே தரை

குந்தாரப்பள்ளியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் புது வீட்டில் டைல்ஸ் அல்லது கிரானைட், சற்று முந்தைய வீட்டில் காவித் தரை. கிரானைட் அறுக்கும் மாவட்டத்தில் வேறு எப்படி இருக்கும்? ஆனால் பழைய மெத்தை வீடு ஏதாவது கிடைத்தால் ஏணிப்படி ஏறிப் பாருங்கள். உத்திரத்தின்மேல் சட்டம், சட்டத்தின்மேல் பலகை. ராகி மூட்டையும் புளிப் பானையும் இருந்த அந்த மெத்தையைப் பிள்ளைகள் படிக்கும் அறையாகவோ, ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடித்து வருபவர் பகலில் தூங்கும் அறையாகவோ மாற்ற ஆசைப்படுகிறோம். பலகைச் சந்தில் கீழறை விளக்கு தெரிகிறது, நடந்தால் முனகுகிறது. அதன்மேல் சின்னச் சின்ன மரக்கட்டைகளைக் கோலம்போல அடுக்கி ஒட்டுவதுதான் பார்க்கே.

வேலை கடினமில்லை, பொறுமை வேண்டும். 10 அடிக்கு 12 அடி அறையை இருவர் சேர்ந்தால் எட்டு, பத்து நாள் வேலையில் முடிக்கலாம், காத்திருக்கும் நாட்கள் தனி. அதில் கட்டை ஒட்டுவது இரண்டே நாள். மீதியெல்லாம் அடிப்பலகைக்கும் பூச்சுக்கும் போகும். நான் பிரித்துப் பார்த்த பழுதான தரைகள் பெரும்பாலும் அடிப்பலகையிலிருந்து கெட்டவை. அதனால் இந்த அத்தியாயத்திலும் அதற்குத்தான் அதிக இடம்.

என் முதல் அறையை நான் ஒரு பங்குனியில் போட்டேன். பலகைமேல் நேராகப் பசை தடவி, சுவரோடு சுவராக நெருக்கி அடித்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் அறை நடுவில் தரை கூடாரம்போல எழும்பியது. காலை வைத்தால் 'டொக்' என்று அமுங்கும், எடுத்தால் எழும்பும். பிரித்தபோது காரணம் தெரிந்தது. அடியில் பலகை சேரும் ஒவ்வொரு 8 அங்குலத்துக்கும் மேலே ஒரு விரிசல் கோடு, அளவெடுத்து வரைந்ததுபோல. ஒவ்வொரு பலகையும் தன் போக்கில் வளைந்து நிமிர்ந்து மேலிருந்த கட்டைகளை இழுத்திருக்கிறது. ஈரம் குடித்து அகன்ற கட்டைகளுக்குச் சுவரோரம் ஒதுங்க இடமில்லை. இனி வரும் படிகளில் நடுவே பிளைவுட், சுவரோரம் இடைவெளி என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

கீழறையிலிருந்து தொடங்குங்கள்

பணம் செலவழிக்கும் முன் கீழறையில் நின்று அண்ணாந்து பாருங்கள்.

1. ஒழுகல். பலகையின் அடியில் காபிக் கறைபோல வளையங்கள் தெரிந்தால் ஓட்டிலிருந்து நீர் இறங்குகிறது. உடைந்த ஓட்டை மாற்றி, ஒரு மழைக்காலம் காய்ந்தே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தரையைத் தொடவேண்டும்.

2. உளுப்பு. குத்தூசி ஒன்றை எடுத்துச் சட்டத்தின் இரண்டு நுனிகளிலும், அதாவது சுவருக்குள் நுழையும் இடங்களில், அழுத்திக் குத்துங்கள். நல்ல மரம் ஊசியைத் திருப்பித் தள்ளும். உளுத்த மரத்தில் ரொட்டியில் இறங்குவதுபோல இறங்கும். சட்டம் எப்போதும் நடுவில் திடமாகத் தெரிந்து நுனியில்தான் ஏமாற்றும்.

3. கரையான், வண்டு. சுவரோரம் மண் குழாய் ஏறியிருந்தால் கரையான். பலகையடியில் மாவுபோல் தூள் கொட்டியிருந்தால் மரம் துளைக்கும் வண்டு. முதலில் அதற்கு மருந்து. உரிமம் உள்ள பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளை அழையுங்கள், நீங்களே கரைத்து ஊற்றவேண்டாம்.

4. தொய்வு. ஒரு சட்டத்தின் அடியில் நுனிக்கு நுனி நூல் கட்டுங்கள். மேலே ஒருவர் நடக்கட்டும். சட்டம் ஒரு நூல் அளவுக்கு மேல், அதாவது 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கி ஏறினால் நிறுத்துங்கள். அனுபவமுள்ள ஆசாரியோ கட்டடப் பொறியாளரோ பார்த்துச் சொன்ன பிறகே மேற்கொண்டு வேலை.

5. ஒயர். கீழறை மின்விசிறிக்கும் விளக்குக்கும் போகும் ஒயர் எந்தச் சட்டத்தை ஒட்டி ஓடுகிறது என்று பார்த்து, மேலே அதே இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் ஸ்க்ரூ இறங்கவே கூடாது.

எடைக் கணக்கும் பாருங்கள். 12 மி.மீ. பிளைவுட்டும் 8 மி.மீ. தேக்குக் கட்டையும் பசையும் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 14, 15 கிலோ. 120 சதுர அடி அறைக்கு ஏறக்குறைய 160 கிலோ, நிரந்தரமாக. மூட்டை தாங்கிய மெத்தைக்கு இது பெரிதில்லை. ஆனால் தொய்வுச் சோதனையில் தோற்ற மெத்தைக்கு இதுவும் பெரிதுதான்.

கீழறையில் விறகடுப்பு எரிகிறதென்றால் அந்த அறைக்கு மேலே பார்க்கே வேண்டாம். ஆவியும் சூடும் தினமும் அடியிலிருந்து ஏறும் இடத்தில் எந்தப் பசையும் நெடுநாள் நிற்காது.

எந்த மாதம்?

மரம் மழையில் அகலும், வெயிலில் சுருங்கும். பங்குனி, சித்திரையில் காய்ந்து சுருங்கிய கட்டையை ஒட்டினால் ஐப்பசியில் எழும்பும். அடைமழையில் ஒட்டினால் கோடையில் சந்து விடும். மழை ஓய்ந்து வெயில் ஏறுமுன் வரும் தை மாதம்தான் எங்கள் பக்கத்துக்குத் தோது.

என்ன வாங்குவது?

கடையில் 'உட்டன் ஃப்ளோரிங்' என்று கேட்டால் மூன்று வேறு பொருள்களைக் காட்டுவார்கள். மரத்தூள் அட்டைமேல் மரப்படம் ஒட்டிய லேமினேட். பிளைவுட்மேல் மெல்லிய அசல் மரம் ஒட்டிய பலகை. மூன்றாவது, முழு மரத்தில் அறுத்த கட்டை. உங்களுக்கு வேண்டியது மூன்றாவது. ஒரு துண்டைத் திருப்பி வெட்டுமுகத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே ரேகை ஓடவேண்டும். 9 அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம், 8 முதல் 10 மி.மீ. கனம் என்றால் முதன்முறை செய்பவர் கைக்கு அடங்கும். ஆறு துண்டு சேர்த்தால் 9 அங்குலச் சதுரம்.

மரம் தேக்கானால் நல்லது. அதன் இயற்கை எண்ணெய் கரையானை ஓரளவு தள்ளிவைக்கும், பருவத்துக்குப் பருவம் அளவும் அதிகம் மாறாது. இடித்த வீட்டின் பழைய தேக்குச் சட்டத்தை அறுத்து வாங்கினால் இன்னும் நல்லது, பல காலம் காய்ந்த மரம் அது. ஆனால் ரம்பத்தில் போடுமுன் காந்தம் வைத்து அங்குலம் அங்குலமாகத் தடவி ஆணி தேடுங்கள். மறைந்த ஓர் ஆணி ரம்பப் பல்லைத் தெறிக்கவைத்துக் கண்ணைப் பறித்துவிடும்.

தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் வந்த பெட்டி மரமும் பேலட்டும் பழைய மரக்கடையில் மலிவாகக் கிடைக்கின்றன. பெரும்பாலும் பைன், மென்மையான மரம். நாற்காலிக் கால் பட்டால் பள்ளம் விழும் என்று தெரிந்தே வாங்குங்கள். ஒன்று மட்டும் கட்டாயம்: நாடு விட்டு நாடு போகும் பெட்டி மரத்தில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் 'எச்.டி.' என்றிருந்தால் மரத்தின் உள்ளே 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் ஏறியிருக்கிறது என்று பொருள், எடுத்துக்கொள்ளலாம். 'எம்.பி.' என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சு வாயு ஏற்றிய மரம், படுக்கையறைக்கு வேண்டாம். முத்திரையே இல்லாமல் எண்ணெய்க் கறையோடு இருப்பதையும் தவிருங்கள்.

120 சதுர அடி அறைக்கு:

- பார்க்கே கட்டை: 132 சதுர அடி. மீன்முள் அடுக்கானால் 138.
- 12 மி.மீ. பிளைவுட்: 8க்கு 4 ஷீட் ஐந்து. ஐ.எஸ். 710 முத்திரை, அல்லது ஐ.எஸ். 303இல் பி.டபிள்யூ.ஆர். தரம்.
- ஸ்க்ரூ: ஷீட்டுக்கு ஏறக்குறைய 100.
- மரத்தரைக்கான பி.யூ. (பாலியூரித்தேன்) பசை: சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கணக்கில்.
- விளிம்பில் பல் வெட்டிய கரண்டி, ரப்பர் சுத்தியல், ரசமட்டம், மூலைமட்டம், 6 அடி நேர்ச்சட்டம்.
- என்.95 முகமூடி, கண்ணாடி, கையுறை, காதடைப்பான்.

குறிப்பு: 8 அடி ஷீட் ஒன்று 20 கிலோவுக்கு மேல் இருக்கும். குறுகலான ஏணிப்படியில் அதை ஏற்றுவது ஆபத்து. கடையிலேயே 4க்கு 4 ஆக அறுத்து வாங்குங்கள்.

பலகையைச் சீர்செய்தல்

1. கட்டைகளை அதே அறையில் பிரித்து, காற்றோட்டமாக அடுக்கி ஒரு வாரம் விடுங்கள். அறையின் ஈரத்துக்கு மரம் பழகட்டும். ஈரமானி கிடைத்தால் பலகையையும் கட்டையையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 4 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இன்னும் காத்திருங்கள்.

2. பழைய பெயின்ட் இருந்தால் உலர்வாக உரசாதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம். ஈரத்துணி வைத்துச் சுரண்டி, சுரண்டியதைப் பையில் கட்டி வெளியேற்றுங்கள். பிள்ளைகள் அன்று வீட்டில் இருக்கவேண்டாம்.

3. அறை முழுதும் மெதுவாக நடங்கள். முனகும் இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போடுங்கள். பலகை சட்டத்தை விட்டு விலகியதால் எழும் சத்தம் அது. சட்டம் ஓடும் கோட்டைப் பார்த்து 50 மி.மீ. ஸ்க்ரூவை இறக்குங்கள். முனகல் நின்ற பிறகே அடுத்த வட்டத்துக்குப் போங்கள். இதில் அரைநாள் போனாலும் போகட்டும். மேலே ஒட்டிய பிறகு முனகலைத் திருத்த வழியே இல்லை. இரவு ஷிஃப்ட்காரர் உங்களை வாழ்த்துவார்.

4. தலை தூக்கிய பழைய ஆணிகளை உள்ளே அடித்து இறக்குங்கள். உளுத்த பலகையைக் கழற்றி அதே கனத்தில் வேறு போடுங்கள். கழற்றும்போது கையுறை இல்லாமல் சந்துக்குள் கையை விடாதீர்கள். பலகையடியின் இருட்டில் தேள் தங்கும்.

5. ஒரு கோலிக்குண்டை உருட்டுங்கள். எங்கே தானாகப் போய் நிற்கிறதோ அங்கே பள்ளம். 6 அடி நேர்ச்சட்டத்தை வைத்தால் அடியில் 3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரியக்கூடாது. மேட்டை இழைப்புளியால் இறக்குங்கள். பள்ளத்துக்கு மெல்லிய பிளைவுட் சீவல். சிமென்ட் குழைத்து ஊற்றினால் ஆட்டத்தில் பொடிந்துவிடும்.

பிளைவுட் போடுதல்

1. சந்து வழியே கீழறையில் தூசி கொட்டாமலிருக்க பழுப்புக் காகிதம் விரியுங்கள். பாலித்தீன் விரிக்காதீர்கள், ஈரம் அடைபட்டுப் பலகை அழுகும்.

2. ஷீட்டின் மேல்தோல் ரேகை பலகை ஓடும் திசைக்குக் குறுக்கே இருக்கட்டும். செங்கல் வரிசைபோல மூட்டுகளை மாற்றி மாற்றி வையுங்கள். நான்கு மூலைகள் ஓரிடத்தில் சேரக்கூடாது.

3. ஷீட்டுக்கு ஷீட் ஒரு நூல் இடைவெளி, சுவரோரம் 3 முதல் 4 நூல்.

4. ஓரங்களில் 6 அங்குலத்துக்கு ஒன்று, நடுவில் 8 அங்குலத்துக்கு ஒன்றாக ஸ்க்ரூ. நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போங்கள். தலை மேற்பரப்புக்குக் கீழே அமுங்கவேண்டும்.

5. பிளைவுட்டுக்கும் பலகைக்கும் நடுவே பசை போடாதீர்கள். கீழே பலகை அசைய விட்டுத்தான் மேலே கட்டை நிற்கிறது.

அடிக்கடி நடக்கும் தவறு: ஸ்க்ரூ நீளம். நம் மெத்தைப் பலகைதான் கீழறைக்குக் கூரை. ஒரு அங்குலப் பலகைக்கு 30 மி.மீ. ஸ்க்ரூ போதும். 40 போட்டால் நுனி கீழே நீட்டிக்கொண்டு நிற்கும். பலகையின் கனத்தை ஒரு சந்தில் அளந்த பிறகே ஸ்க்ரூ வாங்குங்கள். கீழறையில் ஆள் இருக்கும்போது இந்த வேலையே வேண்டாம்.

கட்டை ஒட்டுதல்

முதன்முறை என்றால் கூடைப்பின்னல் அடுக்கைத் தேர்ந்தெடுங்கள்: ஆறு கட்டை படுக்கை, அடுத்த ஆறு செங்குத்து. மீன்முள் அழகுதான். ஆனால் முதல் வரிசையில் அரை நூல் விலகினால் அறைக்கோடியில் அரை அங்குலமாகிவிடும்.

1. எதிரெதிர்ச் சுவர்களின் மையங்களைச் சேர்த்து இரண்டு நூல் அடியுங்கள். நடுப்புள்ளியிலிருந்து ஒரு கோட்டில் 3 அடி, மறு கோட்டில் 4 அடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி வந்தால் மூலைமட்டம் சரி. பழைய வீட்டுச் சுவர் நேராக இருக்குமென்று நம்பாதீர்கள், கோட்டை மட்டும் நம்புங்கள்.

2. பசை இல்லாமல் ஒரு வரிசையை முழுக்க அடுக்கிப் பாருங்கள். சுவரோரம் கீற்றுபோல மெல்லிய துண்டு வருமானால் கோட்டை இப்போதே நகர்த்துங்கள்.

3. ஒரு தடவைக்கு 6 சதுர அடிக்கு மேல் பசை தடவாதீர்கள். பல் கரண்டியைச் சாய்த்துப் பிடித்து இழுத்தால் சீப்பு வாரியதுபோல் வரிகள் நிற்கும். ஐந்தாறு கட்டை வைத்ததும் ஒன்றைப் பிடுங்கித் திருப்புங்கள். முதுகில் பெரும்பகுதி பசை படிந்திருக்கவேண்டும். நடுவில் மட்டும் பட்டிருந்தால் கரண்டியை நிமிர்த்திப் பிடித்து இன்னும் தடிமனாகத் தடவுங்கள்.

4. கட்டையை வைத்துச் சற்று நகர்த்தி அழுத்துங்கள், ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். கட்டை ஆடாத அளவுக்கு நெருக்கினால் போதும்.

5. சுவரோரம் எல்லாப் பக்கமும் 10 முதல் 12 மி.மீ. இடைவெளி. சின்ன ஆப்புகளை நிறுத்தி, பசை இறுகியதும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். பின்னால் வரும் பீடிங் அந்த இடைவெளியை மறைக்கும். பீடிங்கைச் சுவரில் அடியுங்கள், தரையில் அடிக்காதீர்கள்.

6. ஒரு நாள் முழுக்க யாரும் நடக்கவேண்டாம்.

தச்சுக்குப் பயன்படும் வெள்ளைப் பசையே போதாதா என்று கேட்பார்கள். அதில் நீர் இருக்கிறது. அறை முழுக்கத் தடவும்போது மெல்லிய கட்டை அந்த நீரைக் குடித்து முதல் நாளே நெளியும். பி.யூ. பசை விலை கூட, கையில் பட்டால் லேசில் போகாது, வாசனையும் கடுமை. ஜன்னல்களைத் திறந்து, கையுறையோடு வேலை செய்யுங்கள். கர்ப்பிணிகளும் இழுப்பு உள்ளவர்களும் அன்று வேறு வீட்டில் இருப்பது நல்லது.

தேய்ப்பும் பூச்சும்

இரண்டு நாள் கழித்துத் தேயுங்கள். உப்புத்தாள் 60, பிறகு 80, கடைசியாக 120. நடுவில் ஓர் எண்ணைத் தாண்டினால் கீறல் பூச்சுக்கு அடியில் பளிச்சென்று தெரியும். தேய்த்த மெல்லிய தூளைச் சேர்த்துவைத்து, பட்டியோடு குழைத்துச் சந்துகளை நிரப்புங்கள், அதே நிறம் கிடைக்கும். மரத்தூள் மூக்கில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பது உறுதியான செய்தி. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது, முகமூடி வேண்டும்.

தேய்ப்பு இயந்திரத்தை மெத்தையின் பழைய 5 ஆம்பியர் பிளக்கில் சொருகாதீர்கள். கீழிருந்து 15 ஆம்பியர் இணைப்பை இழுங்கள்.

பூச்சுக்கு முன் கீழே இறங்கி அடுப்பு, பூஜையறை விளக்கு, ஊதுபத்தி மூன்றும் அணைந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். பூச்சின் ஆவி சந்து வழியே இறங்கும், தீப்பற்றும். பி.யூ. பூச்சு மூன்று கை. ஒவ்வொரு கைக்கும் நடுவே 220 தாளால் லேசாகத் தடவித் தூசியைத் துடையுங்கள். ஆளி விதை எண்ணெய் பூசுவதானால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறி எரியும். நீரில் நனைத்து, வெளியில் விரித்துக் காயவிட்ட பிறகே குப்பைக்கு.

படி உச்சியில் ஓர் ஆபத்து

தரை இப்போது 20 மி.மீ.க்கு மேல் உயர்ந்துவிட்டது. கதவடியை இழைப்பது எல்லோருக்கும் நினைவு வரும், ஏணிப்படியை மறந்துவிடுவார்கள். கடைசிப் படிக்கும் தரைக்கும் இடையே உயரம் மற்றப் படிகளைவிட முக்கால் அங்குலம் கூடிவிட்டது. ஏறும் கால் பழைய உயரத்துக்கே பழகியது, நுனிவிரல் இடறும். இறங்கும்போது இன்னும் மோசம். தரை விளிம்பில் வேறு நிற மரத்தில் ஒரு பட்டையை அடியுங்கள், கைப்பிடியை மேலே ஒரு அடி நீட்டுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் ஒவ்வொரு படிமேலும் அதே கனப் பலகை போட்டு உயரத்தைச் சமன் செய்யுங்கள்.

மெத்தை இல்லை, காவித் தரைதான் என்றால்

இரண்டடிச் சதுரப் பாலித்தீனை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் ஒரு நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது, பார்க்கே வேண்டாம். காய்ந்திருந்தாலும் காவியின் வழுவழுப்பில் பசை பிடிக்காது. மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கித் தூசியை முழுக்க எடுத்த பிறகே ஒட்டவேண்டும்.

வெள்ளிக்கிழமை

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை சந்தை நாள். வீட்டைக் கழுவிவிடும் நாளும் அதுதான். வாளி நீரை ஊற்றித் துடைப்பத்தால் தள்ளும் வழக்கம் மெத்தைக்கு மட்டும் வேண்டாம். பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 17ஆம் நூற்றாண்டில் பளிங்குத் தரையை எடுத்துவிட்டு பார்க்கே போட்டார்கள். பளிங்கைக் கழுவிய நீர் அடியிலிருந்த மரச்சட்டங்களை அழுகவைத்ததுதான் காரணம். பிழிந்த துணியால் துடையுங்கள், அவ்வளவே. ஓட்டிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் அன்றே துடைத்துவிட்டு ஓட்டைப் பாருங்கள். நாற்காலி, கட்டில் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டுங்கள். ஆட்டுச் சந்தைக்குப் போய்வந்த செருப்பு படியடியிலேயே நிற்கட்டும், குளம்படி மண்ணில் இருக்கும் பொடிக்கல் பூச்சை உப்புத்தாள்போல் தேய்த்துவிடும்.

மிச்சமான கட்டைகளை விறகாக்கிவிடாதீர்கள். ஒரு டஜனை அதே அறையில், கட்டிலடியில் வையுங்கள், அறையின் ஈரத்தோடும் வெயிலோடும் அவையும் பழகும். முதல் ஐப்பசி முடிந்ததும் பீடிங்கை ஓரிடத்தில் கழற்றிச் சுவரோர இடைவெளியில் ஒரு ஸ்கேலை விடுங்கள். 5 மி.மீ. இன்னும் மிச்சமிருந்தால் பீடிங்கைத் திருப்பி அடித்துவிடலாம். அதற்குக் குறைந்திருந்தால் அந்த ஓர வரிசையை உளியால் இரண்டு நூல் செதுக்குங்கள்.